புதுப்பிப்பு: குப்பி வாழைக் கன்றுகள் வெளியே வந்துவிட்டன

திசு வளர்ப்புக் கன்றுகள் (சிறு திசுத் துண்டிலிருந்து ஆய்வகக் குப்பியில் வளர்த்தவை) 12இல் 5ஐ வெளியே எடுத்தேன், அவை இரண்டே நாளில் துவண்டன என்று முன்பு புலம்பியிருந்தேன். மீதி 7இல் 6 பிழைத்துவிட்டன.

தவறு என்னுடையதுதான். குப்பிக்குள் ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம். அங்கே வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகளும் சரியாக மூடாது. திடீரென வெளிக்காற்றில் வைத்தால் வாடாமல் என்ன செய்யும்?

இந்த முறை வேரில் ஒட்டிய அகாரை (குப்பியில் கன்று வளரும் சத்துக் கூழை) முழுக்கக் கழுவினேன். அதிலுள்ள சர்க்கரைக்குத்தான் பூஞ்சை வருகிறது. தென்னைநார்க் கழிவில் நட்டு, தெளிவான மூடி போட்டு நிழலில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து மூடியைத் தினமும் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்தேன். அழுகிய ஒன்று? தண்ணீர் அதிகம் தெளித்துவிட்டேன், அவ்வளவுதான்.

பழைய இலைகள் மஞ்சளாகின்றன. பரவாயில்லை, புது இலை தடிமனாக வருகிறது. அடுத்து காலை வெயில்.