உறக்கநிலையிலிருந்து எழுந்தால் கோப்புப் பகிர்வு ஊர்கிறது – அவசரம்

வெண்தாமரை:
வணக்கம். ஒரு கணினியில் உள்ள பகிர்வுக் கோப்புறையை மற்றொன்றிலிருந்து திறந்து வேலை செய்கிறேன். காலையில் எல்லாம் நன்றாக இருக்கிறது. உறக்கநிலைக்குப் போய் எழுந்துவிட்டால் நகலெடுப்பது ஊர்ந்து ஊர்ந்து போகிறது. மறுதொடக்கம் செய்தால் பழைய வேகம் வந்துவிடுகிறது. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். நாளைக்குள் 200 ஜிபி காணொளிகளை மாற்றியாக வேண்டும்.

சிட்டுக்குருவி:
எந்தக் கணினி உறங்குகிறது, கோப்பை வைத்திருப்பதா, கேட்பதா? வைஃபையா, கேபிளா? எந்த விண்டோஸ்?

ஓரத்துநாற்காலி:
வைரஸ் தடுப்பு மென்பொருள்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒவ்வொரு கோப்பையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் வழிவிடும். முதலில் அதை நீக்குங்கள்.

பழந்தச்சன்:
தம்பி, "ஊர்கிறது" என்பது அளவும் அல்ல, "எல்லாம் செய்து பார்த்தேன்" என்பது விவரமும் அல்ல. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துக்குக் கை நீட்டுவீர்களா? நொடிக்கு எத்தனை எம்பி? கேள்வி கேட்பது எப்படி என்று நானும் இங்கே ஆண்டுக்கணக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன், படிப்பார்தான் இல்லை.

வெண்தாமரை:
தம்பி இல்லை, அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள்தான், நடுவில் இரண்டு கேபிள்களையும் இணைக்கும் ஒரு நெட்வொர்க் சுவிட்ச். இரண்டிலும் விண்டோஸ் 11. இரண்டும் உறங்கும். இப்போது நொடிக்கு 11 எம்பி, வழக்கமாக 110.

மின்வலை:
11 என்றதுமே பாதிக் கதை முடிந்தது. 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பை, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 12.5, சில்லறைச் செலவு போகக் கைக்கு வருவது 11 சொச்சம். கிகாபிட், அதாவது 1000 என்றால் 110 சொச்சம். எந்த மென்பொருளும் இவ்வளவு கணக்காக மெதுவாகாது. இணைப்பே பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்கிறது.

பல நெட்வொர்க் கார்டுகள் உறங்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொண்டு, எழுப்பும் அழைப்புக்கு மட்டும் காது கொடுத்துக் கிடக்கும். எழுந்ததும் சுவிட்சுடன் மறுபடி பேசி வேகத்தை முடிவு செய்ய வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் 100-இலேயே நின்றுவிடும். சாதன மேலாளரில் கார்டின் பண்புகளுக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்க அதை அணைக்கலாம் என்ற அனுமதிக் குறியை எடுத்துப் பாருங்கள்.

எறும்பு:
விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்குப் பயன்படுத்தும் நெறிமுறையான எஸ்எம்பியின் முதல் பதிப்பை இயக்குங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

சிட்டுக்குருவி:
தயவுசெய்து வேண்டாம். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அதை இயல்பாக நிறுவுவதையே விட்டுவிட்டார்கள். பிடுங்கி எறிந்த முள்ளைத் தேடி எடுத்துக் காலில் குத்திக்கொள்வானேன்?

ஓரத்துநாற்காலி:
உறக்கநிலை என்பதே வேண்டாத வேலை. வேலை முடிந்தால் அணைத்துவிட வேண்டியதுதானே?

எறும்பு:
அணைப்பதும் அரைத் தூக்கம்தான் ஐயா. விரைவுத் தொடக்கம் இயங்கினால், விண்டோஸின் உட்கருவான கெர்னலின் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் விண்டோஸ் அணைகிறது. மறுதொடக்கத்தில்தான் எல்லாம் புதிதாக எழும்.

ஓரத்துநாற்காலி:
நான் பத்து ஆண்டுகளாக ஒரு கணினியையும் உறங்கவிட்டதில்லை. ஒரு வன்வட்டுகூடப் போனதில்லை.

பழந்தச்சன்:
வன்வட்டுக்கும் இதற்கும் என்ன உறவு? நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓரத்துநாற்காலி:
அனுபவத்தைச் சொன்னால் ஏளனமா? வைரஸ் தடுப்பை நீக்கிப் பார்த்தாரா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

மின்வலை:
அக்கா, நம் வேலைக்கு வருவோம். எழுந்தவுடன் இரண்டு கணினியிலும் ஈதர்நெட் பக்கத்தில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது? கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மாறுகிறதா? கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் தேவை, 100-க்கு நான்கே போதும். ஒரு கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தால் ஒருமுறை 1000 வரும், மறுமுறை வராது.

வெண்தாமரை:
கோப்பு வைத்திருக்கும் கணினியில்தான் 100 காட்டுகிறது. செருகுமுனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு எப்போதோ ஒடிந்திருக்கிறது. உள்ளே தள்ளினால் 'டக்' என்ற சத்தமே இல்லை, விரலை எடுத்ததும் மயிரிழை அளவு வெளியே வந்துவிடுகிறது. அழுத்திப் பிடித்திருந்தால் பக்கத்து விளக்கு பச்சை, விட்டால் ஆரஞ்சு.

பழந்தச்சன்:
கேபிள் என்றுதான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன்.

சிட்டுக்குருவி:
வந்தீர்கள், சொல்லவில்லை.

வெண்தாமரை:
வேறு கேபிள் போட்டேன். அந்தக் குறியையும் எடுத்துவிட்டேன். உறங்கவைத்து எழுப்பினேன், 110 வருகிறது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் போலிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

பழந்தச்சன்:
இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று எப்படித் தெரியும்? குறியை மட்டும் திரும்ப இட்டு, ஒருமுறை உறங்கவைத்து எழுப்பிச் சொல்லுங்கள்.

பழந்தச்சன் (நான்கு நாட்களுக்குப் பிறகு):
அக்கா, பார்த்தீர்களா?