புதுப்பிப்பு: கூரை போயாச்சு, கூண்டு நின்றாச்சு

ஜீப்பின் கூரையை முதலில் வெட்டுவதா, ரோல் கேஜை (வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) முதலில் கட்டுவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வெட்டிவிட்டேன். அதற்கு முன்பே கதவு வாசல்களுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பை வெல்டு வைத்தது நல்லதாய்ப் போயிற்று. பாடி விரிந்திருந்தால் கதவு பூட்டாது.

கூரை இல்லாததால் கூண்டின் மேல் மூட்டுகளைச் சுற்றிலும் வெல்டு வைக்கக் கை போகிறது. குழாய் 1.75 அங்குலம், சுவர்த் தடிமன் 0.120 அங்குலம். ஒரு குழாய் இன்னொன்றின் மேல் இடைவெளியின்றி உட்கார, முனையை மீன் வாய் போலக் குடைய வேண்டும். மூன்று துண்டுகளை வீணடித்தேன். நான்காவதில்தான் நகம்கூட நுழையாத பொருத்தம் வந்தது. எல்லாவற்றையும் புள்ளி வெல்டில் நிறுத்தி, மூலைவிட்டம் அளந்து, அப்புறம்தான் முழு வெல்டு.

கால்களை வெறும் தரைத் தகட்டில் வைக்கவில்லை. வண்டி உருண்டால் குழாய் அதைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். அடியில் தடித்த தகடு வைத்து சேஸியோடு இணைத்தேன்.

ஒரு முட்டாள்தனமும் உண்டு. கிரைண்டர் பொறி பட்டு முன்கண்ணாடி முழுக்கப் பொடிப் புள்ளி. தேய்த்தாலும் போகாது, முன்பே ஒரு ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தால் போதுமாயிருந்தது!

கூரையோடு சீட் பெல்ட்டின் மேல் பிடிப்பும் போய்விட்டது. அதைப் பிடிக்கத் தோள் உயரத்தில் குறுக்குக் குழாய், தலை இடிக்கும் இடங்களில் பேடிங், இரண்டும் பாக்கி. அதுவரை வண்டி ஷெட்டில்தான்.