மறு: சீலியாக் நோய் – தமிழ்ல என்ன சொல்லலாம்?

> "கோதுமை ஒவ்வாமை"ன்னே போட்டுடலாம், எல்லாருக்கும் புரியும்

ஐயா வணக்கம். புரியும்தான், ஆனா தப்பா புரியும். ஒவ்வாமைன்னா சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல தடிப்பு, மூச்சுத்திணறல்னு வர்றது, அது வேற வியாதி. சீலியாக்ல கோதுமை, பார்லி, ரைங்கற தானியம் மூணுலயும் இருக்கற பசையத்தால (குளூட்டன்ங்கற புரதம்) உடம்போட எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுகுடலையே தாக்கி சத்தை உறிஞ்சற விரல் மாதிரியான குடலுறிஞ்சிகள் மழுங்கிப் போயிடுது, சில பேருக்கு வயித்துக் கோளாறே இல்லாம வெறும் ரத்தசோகையா மட்டும் தெரியும்.

அதவிட பெரிய சிக்கல், ஒவ்வாமைன்னு காதுல விழுந்ததும் வீட்டுல முதல் வேலையா சப்பாத்திய நிறுத்திடுவாங்க, நிறுத்திட்டு டெஸ்டுக்குப் போனா ரத்தத்துல நோயைக் காட்டிக்கொடுக்கற எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இறங்கிப்போய் ரிப்போர்ட் நார்மல்னு வந்துடும், அப்புறம் நோயைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்குல மறுபடியும் கோதுமை சாப்பிடணும், பாவம். மெல்பர்ன்ல வால்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனம் 2025ல வெளியிட்ட ஆய்வு இதுக்குத்தான் வழி தேடுது. எடுத்த ரத்தத்துல பசையத்தோட துண்டுகளைக் கலந்து டி செல்கள்ங்கற எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-2ங்கற சமிக்ஞைப் புரதத்தை வெளிவிடுதான்னு பாக்கறாங்க, அதனால பசையத்தை நிறுத்தினவங்ககிட்டயும் நோய் தெரியுது. இன்னும் நிறைய பேர்கிட்ட சரிபார்க்கணும், ஆனா எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்ற வேலை. இதுக்கு "பசையத் தூண்டல் ரத்தச் சோதனை"ன்னு வைக்கலாமா?

அரிசி சாப்பிடற நமக்கு இந்தச் சொல் எதுக்குன்னு தம்பி கேட்டிருந்தாரு. 2016ல வந்த இந்திய ஆய்வுல இந்த நோய்க்கு இடம் கொடுக்கற மரபணு வடக்கு, தெற்கு ரெண்டுலயும் மூணுல ஒருத்தருக்கு மேல இருக்கு. நோய் மட்டும் வடக்க சுமார் நூத்துல ஒருத்தருக்கு, வேலூர் பக்கம் ஆயிரத்துல ஒருத்தருக்கு. அங்க தினம் 400 கிராமுக்கு மேல கோதுமை, இங்க 25 கிராம்தான். இப்ப நம்ம வீடுகள்லயும் ராத்திரி சப்பாத்தின்னு ஆயிட்டப்புறம் டாக்டர்ங்க, நோயாளிங்க ரெண்டு பேருக்கும் சொல் வேணும்.

என் ஓட்டு "பசையக் குடல்நோய்"க்கு. தன்னுடல் தாக்குதல்ங்கறதையும் பேருக்குள்ள திணிச்சா நீளும், விளக்கத்துல முதல் வரியா அது வரட்டும். ஒரே பயம், ஒரு ச் சேர்ந்தா பச்சையம் ஆயிடும், அது இலையில இருக்கற குளோரோபில். அதனால கட்டுரையில முதல் தடவை "தானியப் பசையம்"னு எழுதிட்டு அப்புறம் சுருக்கிக்கலாம். பிழைதிருத்தி கருவி பாக்கற அக்கா பசையம், பச்சையம் ரெண்டு சொல்லையும் தனித்தனியா சேர்த்துட்டா நல்லாருக்கும்.