அவசரம்: சிங்கப்பூர் விசா வந்துவிட்டது, குடும்பத்தைக் கூட்டிப் போவது எப்படி?

மன்னை மைந்தன்
வணக்கம். விசா வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். குடும்பத்தையும் கூடவே கூட்டிப் போக என்ன செய்ய வேண்டும்? ஏஜென்ட் தலைக்கு நாற்பதாயிரம் கேட்கிறார், இன்று சாயங்காலத்துக்குள் கட்டச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

தேக்கா வாசி
வாழ்த்துகள். என்ன வேலைப் பாஸ்? சாதாரணத் தொழிலாளிக்கான ஒர்க் பெர்மிட்டா, நடுத்தரத் திறனுக்கான எஸ் பாஸா, உயர் பதவிக்கான இபியா (எம்ப்ளாய்மென்ட் பாஸ்)? சம்பளம் எவ்வளவு? குடும்பம் என்றால் யார் யார்? இது தெரியாமல் யார் சொன்னாலும் குருட்டாம்போக்குத்தான்.

சபுராளி 98
இதே கேள்விக்கு இங்கேயே எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. மேலே தேடல் பெட்டியைச் சாமி கும்பிடவா வைத்திருக்கிறார்கள்? தம்பி, உங்கள் கையில் இருப்பது பாஸே இல்லை, ஐபிஏ கடிதம், அதாவது முன் ஒப்புதல். அங்கே போய் கைரேகை வைத்த பிறகுதான் அட்டை வரும். என்ன வகை, என்ன சம்பளம் எல்லாம் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. ஒருமுறை பிரித்துப் படிப்பது.

சோழநாட்டான்
ஏன் பயமுறுத்துகிறீர்கள்? விசிட்டில் கூட்டிப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். என் மச்சான் 2011இல் அப்படித்தான் செய்தார்.

தேக்கா வாசி
உங்கள் மச்சான் காலத்தில் மாதம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் இருந்தாலே மனைவிக்கு டிபி, அதாவது கூடத் தங்கும் குடும்பப் பாஸ், கிடைத்தது. 2012 செப்டம்பரில் அதை 4,000 ஆக்கினார்கள், 2015இல் 5,000, 2018 ஜனவரியிலிருந்து 6,000. விசிட்டில் போனாலும் வீட்டிலிருந்து போனாலும் வரம்பு அதேதான். ஒர்க் பெர்மிட் என்றால் அந்த வழியும் கிடையாது.

மன்னை மைந்தன்
மன்னிக்கவும், ஓட்டத்தில் இருக்கிறேன். எஸ் பாஸ்தான். நிலையான மாதச் சம்பளம் 4,100 என்று போட்டிருக்கிறது. ஆனால் ஓடி (கூடுதல் நேர வேலைக்கான பணம்) எல்லாம் சேர்த்தால் 6,200 வந்துவிடும் என்றார்கள். மனைவி, இரண்டு வயதுப் பையன், அம்மா.

கணக்குப்பிள்ளை
அந்த 'நிலையான' என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. அடிப்படைச் சம்பளமும், மாதம் மாறாமல் வரும் படியும் மட்டும்தான் அதில் சேரும். ஓடி, போனஸ், செலவுக்குத் திருப்பித் தரும் பணம் எதுவும் சேராது. ஒரு மாதம் ஓடியில் ஏழாயிரம் வாங்கினாலும் உங்கள் கணக்கு 4,100தான். ஆகவே மனைவிக்கும் பையனுக்கும் இப்போது டிபி கிடைக்காது.

அம்மாவுக்குச் சுத்தமாக வழியில்லை. பெற்றோருக்கான நீண்டகாலப் பாஸ் நிலையான சம்பளம் 12,000 இருந்தால்தான்.

இன்னொன்று. டிபிக்கு விண்ணப்பிப்பது உங்கள் கம்பெனி, அல்லது கம்பெனி நியமித்த ஆள். ஊரில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்ட் எதற்கு நாற்பதாயிரம் வாங்குகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

சோழநாட்டான்
கம்பெனியிடம் பேசி கடிதத்தில் 6,000 போடச் சொல்லலாமே. மிச்சத்தைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் போயிற்று.

கணக்குப்பிள்ளை
அண்ணே, தயவுசெய்து இதையெல்லாம் எழுதாதீர்கள். பொய்ச் சம்பளம் காட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, சமயத்தில் இரண்டுமே. அதற்கப்புறம் அந்த ஊரில் வேலையும் கிடைக்காது.

பொன்னி
டிபி கிடைத்தால் மனைவியும் வேலைக்குப் போகலாம், இரண்டு சம்பளம் வரும் என்று என் தோழி சொன்னாளே?

தேக்கா வாசி
அது 2021 மே மாதத்தோடு போயிற்று. அதற்கு முன் ஒப்புதல் கடிதம் ஒன்று வாங்கினால் போதும். இப்போது அவர்களும் தனியாக ஒரு வேலைப் பாஸ் வாங்க வேண்டும்.

மன்னை, குடும்பத்துக்குச் சுற்றிப் பார்க்கும் விசா எடுத்து ஒரு மாதம் அழைத்து வரலாம், தப்பில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை உள்ளே நுழையும்போதுதான் முடிவு செய்வார்கள், விசாவில் போட்டிருக்கும் கடைசித் தேதியை நம்பி இருந்துவிடாதீர்கள். அறைக்காரரிடமும் முன்னாடியே கேளுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறை எடுக்க ஆறு மாதமாவது செல்லும் பாஸ் வேண்டும், சுற்றுலா வருபவருக்கு வாடகைக்கு விட முடியாது.

பொன்னி
அறை எடுத்தாலும் சமைக்க விடுவதில்லையே! நான் இருந்த வீட்டில் 'லைட் குக்கிங்' மட்டும் என்றார்கள். ரசம் தாளித்ததற்குச் சண்டை.

சபுராளி 98
தாளிப்பது லைட் குக்கிங் இல்லை அம்மா. முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் போடலாம். வீடு அவர்களுடையது.

பொன்னி
வாடகை மட்டும் லைட்டாக வாங்கினார்களா? கடுகு வெடித்தால் வீடு இடிந்துவிடுமா?

சபுராளி 98
நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் கிடந்து, சாப்பாட்டுக்கு டப்பா கட்டி வாங்கித் தின்றோம். யாரும் ரசத்துக்கு அழவில்லை.

கணக்குப்பிள்ளை
ரசத்துக்குத் தனி இழை போடுங்களேன். கேட்டவர் இருக்கிறாரா?

மன்னை மைந்தன்
பார்த்தேன், நன்றி. ஏஜென்டுக்குப் பணம் கட்டவில்லை. கம்பெனியில் கேட்டேன், 'இப்போது முடியாது, ரினியூவலில் பார்க்கலாம்' என்றார்கள். நான் மட்டும்தான் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தேக்கா வாசி
சரி. ஐபிஏவை அச்செடுத்துக் கையில் வையுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள். பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்று பார்த்தீர்களா?

தேக்கா வாசி
மன்னை? பாஸ்போர்ட்?