பரீட்சைக்குப் போற மாணவருக்கு ஜப்பானியத்துல எப்படி வாழ்த்து சொல்றது?

நாம "ஆல் தி பெஸ்ட்" சொல்ற இடத்துல அவங்க சொல்றது "கம்பத்தெ". முதல் எழுத்து "காந்தி"யில வர்ற க. "த்"ல ஒரு மாத்திரை நின்னு போகணும். அதிர்ஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, "விடாம முயற்சி பண்ணு"ங்கிறதுதான் பொருள். அகராதியில தேடி "கோஉன் ஒ இனோரிமாஸ்", அதிர்ஷ்டம் கிடைக்க வேண்டிக்கறேன்னு சொன்னா அர்த்தம் சரிதான், ஆனா நாடக வசனம் மாதிரி கேட்கும்.

தம்பி தங்கை, கூடப் படிக்கிறவங்களுக்கு "கம்பத்தெ நெ". அவ்வளவா பழகாதவங்களுக்கு "கம்பத்தெ குதசாய்". நம்மைவிடப் பெரியவங்க பரீட்சை எழுதினா இது வேண்டாம். "குதசாய்" சேர்த்தாலும் உத்தரவு போடுற தொனி போகாது. "ஓஎன் ஷித்தெ இமாஸ்", அதாவது உங்க பக்கம் நிக்கிறேன்னு சொல்லுங்க. ராப்பகலாப் படிச்சு ஓய்ஞ்சுபோன பிள்ளைகிட்ட இன்னொரு "கம்பத்தெ" பாரமாத்தான் இறங்கும். "முரி ஷிநாய்தெ நெ", உடம்பை வருத்திக்காதேன்னு சொல்றதே அங்கே பெரிய ஆறுதல்.

* * *

சொல்லக்கூடாததையும் சேர்த்துக்கறேன். "ஒச்சிரு"ன்னா விழுறது, "சுபெரு"ன்னா வழுக்குறது. ரெண்டுக்கும் பரீட்சையில தோத்துப்போறதுன்னும் அர்த்தம் உண்டு. பல்கலைக்கழகப் பொதுத் தேர்வு நடக்கிறது ஜனவரி நடுவுல, பல ஊர்ல பனி கொட்டுற நேரம். "வழுக்கிடாமப் போ"ன்னு அக்கறையாச் சொல்ல வரும்போதுதான் அந்த வார்த்தை வாயில வந்துடும். "அஷிமொத்தோ நி கி ஒ த்ஸுக்கெத்தெ", காலடி பாத்துப் போன்னு சொன்னா வம்பே இல்ல.

* * *

அட்டையில எழுதறதா இருந்தா "கோக்கக்கு ஒ ஒஇனோரி ஷித்தெ இமாஸ்", நீங்க தேறணும்னு வேண்டிக்கறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது அருமையான வரி. வேலை தேடுற கல்லூரி மாணவருக்கு மட்டும் "ஒஇனோரி" எழுதிடாதீங்க. கம்பெனிகள் "வேலை இல்லை"ன்னு அனுப்புற கடிதம் அந்தச் சொல்லோடதான் முடியும், அதுக்குப் பேரே "ஒஇனோரி மெயில்". அவங்களுக்கு மேல சொன்ன "ஓஎன்" போதும்.

கையில ஏதாவது கொடுக்கணும்னா கிட்கேட். "கித்தோ கத்ஸு", கண்டிப்பா ஜெயிப்பேங்கிறதோட ஒலி அதுல இருக்கு. சின்னப் பாக்கெட்டோட உறையில ரெண்டு வார்த்தை எழுத இடமும் விட்டிருப்பாங்க. ஐந்து பட்டை உள்ள பென்சிலும் கொடுப்பாங்க. நெடில் "கோக்கக்கு" தேர்ச்சி, குறில் "கொக்கக்கு" ஐங்கோணம்.

எழுதிட்டு வெளியே வந்ததும் "எப்படி எழுதின?"ன்னு கேட்காதீங்க. "ஒத்ஸுக்கரெசமா", நீ ரொம்பப் பாடுபட்டுட்டேன்னு சொல்லி விட்டுடுங்க.