என்-ஸ்கேல் டீசல் இன்ஜின் நொண்டுகிறது. கம்பெனியிடம் என்ன கேட்கலாம்?

மாடிவீட்டு ரயில்:
வணக்கம். வீட்டில் இடமில்லாததால் மாடல் ரயிலை என்-ஸ்கேலில், அதாவது நிஜ ரயிலில் 160-இல் ஒரு பங்கு (1:160) அளவில்தான் ஓட்டுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அமெரிக்க டீசல் இன்ஜின் ஒன்று இப்போது 'டக், டக்' என்று தட்டிக்கொண்டே போகிறது. பாயின்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) ஏறும்போது சில சமயம் தடம் புரள்கிறது. தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடைத்துவிட்டேன், எண்ணெயும் விட்டேன். மாற்றமே இல்லை. பெரும்பாலும் பெட்டிக்குள்தான் இருந்தது, பத்து மணி நேரம்கூட ஓடியிருக்காது. மோட்டார் போய்விட்டதா?

ஒன்பது மில்லி:
மோட்டாரை இப்போதைக்கு விடுங்கள். நேரான தடத்தின் ஓரமாக ஒரு காகிதம் ஒட்டி, இன்ஜினை மிக மெதுவாக விடுங்கள். தட்டும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, இடைவெளியை அளந்து சொல்லுங்கள்.

மாடிவீட்டு ரயில்:
ஏறக்குறைய 2 செ.மீ.க்கு ஒரு முறை சார்.

ஒன்பது மில்லி:
அப்படியென்றால் அச்சில் உள்ள பல்சக்கரம்தான். நிஜ அமெரிக்க டீசல் இன்ஜினில் சக்கர விட்டம் பெரும்பாலும் 40 அங்குலம், அதாவது 1016 மி.மீ. அதை 160-ஆல் வகுத்தால் 6.35 மி.மீ., சுற்றளவு 20 மி.மீ. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு தட்டு. மோட்டாரோ, அதன் தண்டில் உள்ள திருகு போன்ற வார்ம் கியரோ காரணமாக இருந்தால் இன்னும் அடிக்கடி தட்டும்.

போகியின் (இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின்) அடிமூடியைக் கழற்றி, லென்ஸ் வைத்து ஒவ்வொரு பல்லின் அடியையும் பாருங்கள். முடி அளவு விரிசல் இருக்கும். இரண்டு தண்டவாளத்திலிருந்தும் வரும் மின்சாரம் ஒன்றோடொன்று சேராமலிருக்க, அச்சை இரண்டு அரை அச்சாகச் செய்து நடுவில் பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குள் இறுக்கிச் செருகுகிறார்கள். அந்த இறுக்கம் பெட்டிக்குள் சும்மா கிடக்கும்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் ஓட்டாத இன்ஜினிலும் விரிசல் விடுகிறது. விரிசல் விட்டால் அந்த இடத்தில் பல் அகன்று, அடுத்த பல்சக்கரத்தில் இடிக்கும். சக்கரங்களின் இடைவெளியும் விலகும், அதுதான் பாயின்ட்டில் தடம் புரளக் காரணம்.

மாடிவீட்டு ரயில்:
பார்த்துவிட்டேன், இரண்டு அச்சில் விரிசல். சூப்பர் க்ளூ வைக்கலாமா? கம்பெனிக்கு எழுதினால், அந்தத் தயாரிப்பு முடிந்துவிட்டது, உதிரி இல்லை என்கிறார்கள். கொடுத்த விலைக்கு இது அநியாயம்.

பழைய தண்டவாளம்:
க்ளூ வேண்டாம் தம்பி. அசிட்டால் மாதிரி வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது, வழிந்தால் மற்ற பல்லும் கெடும். அச்சு மாற்றும்வரை ஓட்டாதீர்கள், மோட்டார் சூடாகும்.

கம்பெனி பக்கமும் கொஞ்சம் பார்க்கவேண்டும். முன்பதிவை எண்ணி ஒரே தவணையில் செய்கிறார்கள், அடுத்த தவணை எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. நாமும் கைப்பிடிக் கம்பி மெல்லியதா, வண்ணம் அந்த வருடத்துக்குப் பொருந்துகிறதா என்றுதான் கேட்கிறோம். பல்சக்கரம் கிடைக்குமா என்று வாங்கும்போது யார் கேட்டோம்?

ஒன்பது மில்லி:
அண்ணா சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். வண்ணம் கொஞ்சம் தவறினால் பொறுத்துக்கொள்ளலாம். தேயும், உடையும் பொருளுக்குப் பொறுப்பு செய்தவருடையதுதான். உதிரியைச் சேர்த்துவைக்க முடியாவிட்டால் பரவாயில்லை, அளவையாவது கொடுக்கட்டும். 1960களில் ஆர்னால்ட் கம்பெனியின் ராப்பிடோ என்ற இணைப்புக் கொக்கியை மற்ற கம்பெனிகளும் ஏற்றுக்கொண்டதால்தான் யாருடைய பெட்டியையும் யாருடைய இன்ஜினோடும் மாட்ட முடிந்தது. என்-ஸ்கேல் வளர்ந்ததே அப்படித்தான். பல்சக்கரத்தில் மட்டும் ஏன் மூடிவைக்கவேண்டும்?

நீங்கள் மறுபடி எழுதுங்கள். மாடல் எண், வாங்கிய தேதி, விரிசலின் படம் எல்லாம் அனுப்புங்கள். உதிரி கேட்கவேண்டாம். பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், அச்சுத் துளையின் அளவு, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள்.

மாடிவீட்டு ரயில்:
எழுதினேன். ஒன்பது நாள் கழித்து மூன்று அளவும் வந்துவிட்டது, கூடவே வரைபடமும்! வேறொரு கம்பெனியின் அச்சு பொருந்தும்போலத் தெரிகிறது, நான்கு வரவழைத்திருக்கிறேன். அலமாரியில் இருந்த அடுத்த இன்ஜினையும் திருப்பிப் பார்த்தேன். அதிலும் ஒரு அச்சில் விரிசல் இருக்கிறது. இதே தொடரை வைத்திருப்பவர்கள் இன்றே அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.