சுழலும் ஷாஃப்டுக்கு எச்சரிக்கை வாசகம் தமிழில் எப்படி எழுதுவது?

கிராஞ்சி மேற்பார்வையாளர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். மரம் வெட்டுதல், கழிவு அகற்றுதல் ஆகிய பணிகளைச் செய்யும், சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்களிடம் கழிவுநீர் உறிஞ்சும் டேங்கர் லாரி ஒன்று உண்டு. கியர் பாக்ஸிலிருந்து பம்புக்குச் செல்லும் ஷாஃப்ட், அதாவது விசையைக் கடத்தும் இரும்புத் தடி, அதன் அடிப்பக்கத்தில் சுழலும். டிராக்டரின் பின்னால் பூட்டி, கிளைகளைத் துகளாக்கும் இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. இரண்டிலும் ஒட்டியிருந்த ஆங்கில எச்சரிக்கை வில்லைகள் வெயிலிலும் மழையிலும் வெளிறிப் பாதி உரிந்துவிட்டதால், புதியவற்றைத் தமிழிலும் எழுதி ஒட்ட விரும்புகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் இருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன். "வழவழப்பான இரும்புத் தடிதானே, பல்லா இருக்கிறது கடிப்பதற்கு? ஊரில் கதிரடிக்கும்போது இதைத் தாண்டித் தாண்டித்தான் நடப்போம்" என்று அவர் கேட்டபோது, மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு என்ன சொல்வது, வில்லையில் என்ன எழுதுவது?

பழைய மெக்கானிக் எழுதியது:

அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். பலரும் மனத்துக்குள் வைத்திருப்பதை அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். டிராக்டரின் பின்புற ஷாஃப்ட் பெரும்பாலும் நிமிடத்திற்கு 540 சுற்று, சில இயந்திரங்களில் 1000 சுற்று ஓடும். 540 என்பது நொடிக்கு 9 சுற்று. ஏழு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஷாஃப்டின் சுற்றளவு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் என்பதால், அதில் மாட்டிய துணி ஒரே நொடியில் சுமார் இரண்டு மீட்டர் உள்ளே இழுக்கப்பட்டுவிடும். நம் சட்டைக் கையின் நீளத்தை நினைத்துப் பார்த்தால், "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்கு அங்கே நேரமில்லை என்பது விளங்கும்.

வழவழப்பைப் பற்றி: படகுக் கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரே ஆள் பெரிய படகை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். முளைக்குப் பல் கிடையாது. ஒவ்வொரு சுற்றும் பிடியைப் பல மடங்கு ஆக்குவதுதான் அங்கே நடக்கிறது. சுற்றிய துணிமேல் துணி ஏறிக்கொண்டால் அது தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும். முதல் சுற்றைத் தொடங்கி வைக்கக் கொஞ்சம் ஈரம், கிரீஸ், துரு, இணைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போல்ட் தலை போதும். பத்துப் பேர் இழுத்தாலும் இன்ஜின் அதை உணராது. தோளில் போடும் துண்டு, மழைக்கோட்டின் கயிறு, கையுறை, பித்தானிடாத ஒளிரும் மேலாடை எல்லாமே மாட்டும். பாதுகாப்புக்கு என்று நாம் கொடுக்கிற மேலாடையும் இந்தப் பட்டியலில் வருவதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஊர்ப் பழக்கம் குறித்து ஒன்று மட்டும்: கதிரடிக்கும் இயந்திரம் போன்றவற்றை இயக்குவோரின் பாதுகாப்புக்காகவும் இழப்பீட்டுக்காகவும் இந்தியாவில் 1983ஆம் ஆண்டே ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது.

பாதுகாப்பு அதிகாரி எழுதியது:

வில்லை எழுதும் முன், ஷாஃப்டுக்கு உறை இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்கீழ் இடர் மேலாண்மை விதிமுறைகள் உள்ளன. ஆபத்தை முதலில் நீக்க வேண்டும், முடியாவிட்டால் தடுப்பு அமைக்க வேண்டும் என்பதே நடைமுறை. எச்சரிக்கை வாசகம் அந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. டிராக்டர் ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை, உள்ளே இரும்பு சுழலும்போதும் தான் சுழலாமல் நிற்பதற்காகவே அதில் சங்கிலி கொடுத்திருப்பார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு உறையைக் கையால் திருப்பிப் பாருங்கள். எளிதாகத் திரும்பாவிட்டால் அதன் பேரிங் இறுகிவிட்டது என்று பொருள். அந்த உறை இருந்தும் இல்லாததற்குச் சமம்.

லாரியில் நிலைமை வேறு. அங்கே ஆட்கள் அடியில் படுத்துக்கொண்டு, ஓடும்போதே கசிவைப் பார்க்கவும் கிரீஸ் அடிக்கவும் முனைவார்கள். கிரீஸ் அடிக்கும் நிப்பிளை ஒரு குழாய் வழியாகப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், அடியில் போகவேண்டிய தேவையே பாதி குறையும். மீதிக்கு, அடியில் போகிறவர் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போவது போதாது. ஆற்றல் மூலத்தைப் பூட்டி வைப்பதற்கு எஸ்எஸ் 571 என்ற சிங்கப்பூர்த் தரநிலை இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வாசகத்துக்கு வருகிறேன். "சுழலும் தண்டின் அருகில் செல்வதைத் தவிர்க்கவும்" என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். தண்டு என்றால் வாழைத்தண்டை நினைப்பவர்களிடம் ஷாஃப்ட் என்றே எழுதுவது மேல். "தவிர்க்கவும்" என்பதோ அலுவலகக் கடிதத்துக்கு உரிய சொல். அதில் அவசரமே இல்லை. நான் இப்படி எழுதுவேன்:

"ஆபத்து! ஷாஃப்ட் சுற்றுகிறது. துணி மாட்டினால் கையோ உயிரோ போகும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகே குனியுங்கள்."

என்ன நேரும் என்பதும் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. "ஆபத்து" என்ற சொல்லுக்குச் சிவப்புப் பின்னணி கொடுங்கள். மஞ்சள் சிறிய காயங்களுக்கான நிறம். ஷாஃப்டில் மனித உருவம் சுருண்டிருக்கும் படத்தையும் சேர்த்தால் வங்காள, சீன ஊழியர்களுக்கும் புரியும். உறையின்மீது மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அதைப் படிப்பதற்கே குனிய வேண்டியிருக்கும். லாரியின் பக்கவாட்டில், நின்றபடியே கண்ணில் படும் உயரத்தில் ஒட்டுங்கள்.

கிராஞ்சி மேற்பார்வையாளர் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று காலை இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, அண்ணனுடைய துண்டையே நின்றிருந்த ஷாஃப்டில் மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரு முனையை நான் இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவரை இழுக்கச் சொன்னேன். எவ்வளவு இழுத்தும் வரவில்லை. சற்று நேரம் பேசாமல் நின்றவர், பிறகு உறையைத் திருப்பிப் பார்த்து, "இதன் சங்கிலி எங்கே, தம்பி?" என்று கேட்டார். அது காணாமல் போய் எத்தனை மாதமாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. புதிய சங்கிலி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை துகளாக்கும் இயந்திரம் ஓடாது.